பெரிய ஆபீசர்கள் படித்த அஞ்சலையின் பக்கம்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்குக் கோர்வையாக எழுத வராது. பிரம்மதேசத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும்தான் போனேன். ஒற்று எங்கே போடுவது, எங்கே விடுவது என்பதெல்லாம் கையோடு வந்ததில்லை. மறதி வேறு. நாலு பேர் எதிரில் வாயைத் திறக்கவே கூச்சப்படுகிறவள் நான். மேடையில் வந்து பேசச் சொல்லியிருந்தால் உடம்பு சரியில்லை என்று சொல்லிப் படுத்திருப்பேன். எழுதித் தரச் சொன்னதால் ஒத்துக்கொண்டேன்.

கேட்டது ஷகிலா. கூனிமேட்டுப் பெண். பயிற்சி நிலையத்தில் நான் பார்த்த வேலையை இப்போது அவள்தான் பார்க்கிறாள். நிலையத்துக்கு ஏதோ மலர் போடுகிறார்களாம், பழைய ஆட்கள் எழுதித் தர வேண்டுமாம்.

“ம்மா, இப்பல்லாம் பேப்பரே கெடையாதும்மா. ஆளுக்கு ஒரு ஸ்கிரீன் குடுத்துடறாங்க. கிளாஸ் முடிஞ்சா அழிச்சிடறாங்க. உங்க காலத்துத் தலைவலி ஒண்ணும் இல்ல” என்றாள்.

அழித்துவிடுகிறார்கள் என்று அவள் அவ்வளவு லேசாகச் சொன்னது எனக்குச் சரியாகப் படவில்லை. நாங்களும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். அதனால்தான் எழுதுகிறேன்.

மரக்காணம் உப்பளத்தில் இருபது வருஷம் கூடை சுமந்தேன். முட்டி தேய்ந்து, வரப்பில் கால் ஊன்ற முடியாமல் போன பிறகு இந்த நிலையத்தில் சேர்ந்தேன். முதலில் கழிப்பறை, அப்புறம் நடை, அப்புறம் அறைகள். ஹாலுக்குள் விட மூன்று வருஷம் ஆனது. கம்பெனிகளில் தலைமைப் பொறுப்பில் இருக்கிற ஆபீசர்கள் அங்கே ஐந்து நாள் தங்கிப் படிப்பார்கள். நரைத்த தலையும் பெரிய காருமாக வருவார்கள். எங்கள் பக்கத்தில் அதற்குப் பெரிய ஆபீசருங்க பள்ளிக்கூடம் என்றே பெயர். இந்த வயசில் இவர்களுக்கு என்ன படிப்பு, வீட்டில் ஏதாவது தகராறா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு.

எனக்கும் சந்தேகம்தான். வந்தவர்களுக்கும் சந்தேகம்தான். திங்கட்கிழமை காலை உள்ளே வந்ததும் யார் பக்கத்தில் யார் பெயர் அட்டை இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பார்கள். தங்களுக்குள் ஒருவன் தலைமை ஆபீசுக்கு உளவு சொல்ல வந்திருக்கிறான் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு பேச்சு ஓடும். நான் தண்ணீர் ஊற்றப் போனால் எழுதியதைக் கையால் மூடிக்கொள்வார்கள். அவர்கள் எழுதுவது இங்கிலீஷ், எனக்கு அதில் பெரிய எழுத்து நாலைந்துதான் தெரியும். ஆனாலும் மூடுவார்கள். ஒருவரை ஒருவர் நம்பக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கண்ணைத் துணியால் கட்டி, இன்னொருவர் கையைப் பிடித்துச் சவுக்குத் தோப்பில் நடக்க வைப்பார்கள். அந்தத் துணிகளைத் துவைக்கிறவள் நான். முடிச்சு அவிழாமலே அப்படியே கழற்றிப் போட்டிருப்பார்கள். என் முழங்கையே அதற்குள் போய் வரும். அவ்வளவு தளர்வாகக் கட்டியிருந்தால் கீழே தரை நன்றாகத் தெரியும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

எனக்கு மேலே இருந்தவர் நிர்மலா மேடம். புதுச்சேரியிலிருந்து பஸ்ஸில் வருவார். அவர் திட்டி யாரும் கேட்டதில்லை. தப்பு எங்கே இருக்கிறதோ அதன் பக்கத்தில் போய் நின்றுகொள்வார். நாமாகப் பார்த்துக் கண்டுபிடிக்கிற வரைக்கும் நகர மாட்டார். நாற்காலி வரிசை கோணலாக இருந்தால் அந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருப்பார். திட்டு வாங்கியிருந்தால் தேவலை என்று இருக்கும்.

ஹாலில் இருபத்தாறு நாற்காலி, லாடம் மாதிரி வளைத்துப் போட வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் பெயர் அட்டை, சீவிய பென்சில், கவிழ்த்த டம்ளர். அன்றைக்குப் பேசப்போகிற தாள்களைக் குப்புற வைக்க வேண்டும், புரொபசர் சொன்ன பிறகுதான் புரட்டுவார்கள். அந்தத் தாள்களுக்குக் கேஸ் என்று பெயர். ஏதோ ஒரு கம்பெனியில் நடந்த சிக்கலைக் கதை மாதிரி எழுதியிருக்கும், நீ அங்கே இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டு வாதம் செய்வார்கள். வகுப்பு முடிந்ததும் எல்லாத் தாளையும் நான் திரும்ப வாங்க வேண்டும். நிர்மலா மேடம் எண்ணுவார். பிறகு நாலாகக் கிழித்து, சமையல்கட்டுக்குப் பின்னால் இருந்த தொட்டியில் நல்ல தண்ணீர் விட்டு ஊறப்போட்டு, மறுநாள் கையால் பிசைந்து கூழாக்கி, தோட்டத்து எருக்குழியில் கொட்ட வேண்டும். கொளுத்தினால் கருகின தாள் பறந்து சவுக்குச் சருகில் விழும் என்று கொளுத்த விடமாட்டார்கள்.

இப்போது நடந்ததுக்கு வருகிறேன். 2005. சுனாமி அலை வந்த அடுத்த வருஷம். அப்போது எங்கள் கரையில் நோட்டும் பேனாவுமாக வராத ஆள் இல்லை. பெயர் என்ன, எத்தனை பேர் வீட்டில், ரேஷன் கார்டு நம்பர் என்ன என்று எழுதிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தவர்கள் கொஞ்சம் பேர். ஆகவே சென்னையிலிருந்து வந்த புரொபசர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, “உப்பளத்துல வேலை செய்யறவங்க யாராவது மனசு விட்டுப் பேசுவாங்களாம்மா?” என்று கேட்டபோது இவரும் அந்த நோட்டுக்காரர்களில் ஒருவர்தானா என்று பார்த்தேன்.

“எதுக்குங்க சார்?”

“மேல உக்காந்திருக்கறவங்களுக்குக் கீழ நடக்கறது காதுக்கே வர்றதில்ல. ஒருத்தர் பேசினா அதை அப்படியே கேஸா எழுதி இவங்களைப் படிக்க வைக்கணும்.”

“பேரு போடுவீங்களா?”

“மாத்திடுவேன்.”

“ஊரு?”

“ஊரையும் மாத்திடுவேன். போதுமா?” என்று சிரித்தார். சிரித்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் அழைத்துக்கொண்டு போனேன். பெரியவர் கேட்கிறார், மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

போனது என்னோடு சுமந்தவளிடம். அவளை அஞ்சலை என்று வைத்துக்கொள்வோம். என்னைவிடப் பத்து வயசு சின்னவள், புருஷன் இல்லை, இரண்டு பெண்கள். கழுத்தில் ஒரு தரம் அடிபட்டதிலிருந்து மற்றவர்கள் போலத் தலையில் சுமக்க முடியாது. கூடையைத் தோளில் வைத்துச் சாய்ந்தபடி நடப்பாள். வாய் மட்டும் யாருக்கும் அடங்காது.

“சாரு ஷூவு போட்டுக்கினு வந்து எங்கள ஷூவப் பத்திக் கேக்கறாரு பாருக்கா” என்று ஆரம்பித்தாள். “எங்களுக்கும் குடுத்தாங்க சார். ஏன் குடுக்கல? ஆபீசர் ஜீப்பு வருதுன்னா பெட்டியத் தொறப்பாங்க. ரப்பர் பூட்ஸு, கறுப்புக் கண்ணாடி, எல்லாம் மாட்டி வரிசையா நிக்க வச்சி போட்டோ புடிப்பாங்க. ஜீப்பு ரோட்ட ஏறக்கூட இல்ல, மேஸ்திரி கழட்டுங்கடின்னுவாரு. உள்ள கால் சூடு ஆறியிருக்காது, வாங்கிப் பெட்டில போட்டுப் பூட்டிடுவாரு. எனக்குத் தலையில தூக்க வராது, தோள்லதான் தூக்குவேன். அதுக்கே தெனம் ஏச்சு. இதையும் கேட்டேன்னா வீட்டுக்குப் போவச் சொல்லிடுவாரு.”

புரொபசர் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார்.

பங்குனி கடைசியில் அந்த வகுப்பு நடந்தது. கேஸ் முழுக்க இங்கிலீஷ். ஒரே ஒரு பக்கம் மட்டும் தமிழ், அதிலும் மேல் பாதி வரைக்கும்தான் எழுத்து. அஞ்சலை பேசினது, பேசினபடியே. தாள்களைக் குப்புற வைக்கிறபோது எழுத்துக்கூட்டிப் படித்தேன். பெயர் செல்வி என்று இருந்தது, ஊர் வேறு ஊராக இருந்தது. ஆனால் படிக்கிறபோது அவள் குரல் காதில் கேட்டது. எனக்குக் கேட்டால் மற்றவர்களுக்கும் கேட்காதா என்று ஒரு நிமிஷம் நின்றேன். நிர்மலா மேடத்திடம் சொல்லியிருக்கலாம். புரொபசர் எழுதியதில் குறை சொல்ல நான் யார் என்று அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டேன்.

ஆபீசர்களை நான் நாற்காலி நம்பரால்தான் நினைவு வைத்திருப்பேன். பதினொன்றாம் நாற்காலிக்காரரை எழுந்து நின்று அந்தப் பக்கத்தைப் படிக்கச் சொன்னார்கள். பெரிய தொழிற்சாலை ஒன்றின் தலைவர், கனத்த ஆள். பெண் குரலில் இழுத்து இழுத்து நாடகம் மாதிரி ஆரம்பித்தார். எல்லாரும் சிரித்தார்கள். கால் சூடு ஆறியிருக்காது என்ற இடத்தில் அவர் குரல் தன் குரலாகிவிட்டது. படித்து முடித்து உட்கார்ந்து, கவிழ்த்திருந்த டம்ளரை நிமிர்த்தித் தண்ணீர் கேட்டார்.

டீ நேரத்தில் என்னிடம் வந்தார். “ஏம்மா, இந்த அம்மா நெஜமாவே இருக்காங்களா?”

“தெரியாதுங்க.”

“எந்த உப்பளம்? இங்கதானே?”

“தெரியாதுங்க சார்” என்று தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். முதலாளிக்கு முதலாளி தெரிந்தவனாக இருப்பான், இவர் சொல்லிவிடுவார் என்று அப்போதே மனசில் குறித்துக்கொண்டேன்.

தாள்கள் இருபத்தாறும் திரும்பி வந்தன. மேடம் எண்ணினார். அன்றைக்கும் மறுநாளும் நல்ல தண்ணீர் லாரி வரவில்லை. சமையலுக்கே குடத்தில் அளந்து ஊற்றினார்கள். உப்பளத்தில் ஒரு சொம்பு நல்ல தண்ணீருக்கு நின்றவள் நான். தாளைச் சாகடிக்க ஒரு தொட்டி குடிதண்ணீரா என்று கை வரவில்லை. பின்பக்கத்து உப்புக் கிணற்றில் சேந்தி ஊற்றினேன். நாலாகக் கிழிக்காமல் இரண்டாகத்தான் கிழித்தேன், விரல் வெடிப்பு அப்போது அதிகம். மறுநாள் பிசையப் போனால் தோட்டக்காரர் தடுத்தார்: “உப்புத் தண்ணிய எருக்குழில கொட்டாதம்மா, செடி பட்டுப்பூடும். காயப்போட்டு அப்பறம் பாத்துக்கலாம்.” சரி என்று பிழிந்து, பின்வேலி ஓரம் விரித்துக் காயப்போட்டேன். வெள்ளிக்கிழமை அறைகள் காலியானதும் சுத்தம் செய்கிற வேலையில் அதை மறந்தேன். சனிக்கிழமை போய் இருந்ததை வாரி, லாரி வந்ததும் ஊறவைத்துக் கூழாக்கினேன். எண்ணவில்லை.

பத்து நாள் கழித்து அஞ்சலையை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பக்கத்து அளங்களிலும் அவளைச் சேர்க்கவில்லை. சீசன் நடுவில், உப்பு வெள்ளை வெளேர் என்று விளைந்து கிடக்கிற நேரத்தில்.

என் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை. “அக்கா, நான் சொன்னது எல்லாம் மேஸ்திரிக்குத் தெரிஞ்சிருக்குது. வார்த்தை மாறாம அப்படியே சொல்லிக் காட்டறான். உன் சாரு எங்க போயி ஓதினாரு?”

“அவரு அப்படிப்பட்டவரு இல்லடி” என்று சொன்னேன். சொல்லும்போதே அவர் சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்தது.

அதிலிருந்து எனக்குத் தூக்கம் கெட்டது. புரொபசர்தான் என்று ஒரு நாள். நிர்மலா மேடம்தான் என்று ஒரு நாள். அவர் வருகிற பஸ்ஸில் உப்பளத்துக் கணக்குப்பிள்ளையும் வருவார், பேசியிருப்பார்கள். தோட்டக்காரரைக்கூட விடவில்லை. ஆனால் சுற்றிச் சுற்றி மனசு பதினொன்றாம் நாற்காலியில் வந்து நின்றது. ஏனென்றால் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

வைகாசியில் அவரிடமிருந்து நிலையத்துக்கு ஒரு பார்சல் வந்தது. உள்ளே ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ். அந்த அம்மா உண்மையில் இருந்தால் சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் சமையல்கட்டில் யாராவது போட்டுக்கொள்ளட்டும் என்று கடிதம். நிர்மலா மேடம் என்னிடம் கொடுத்தார். எனக்குத் தெரிந்துவிட்டது, இது தூண்டில் என்று. யார் காலில் இந்தப் பூட்ஸ் ஏறுகிறதோ அவள்தான் பேசினவள் என்று அடையாளம் பிடிக்கப் பார்க்கிறார். துடைப்பம் வைக்கிற அறையில் மேல் தட்டில் ஒளித்துவைத்தேன். உரியவளிடம் சேர்த்துவிட்டேன் என்று மேடத்திடம் பொய் சொன்னேன். வாழ்க்கையில் அவரிடம் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

ஆனி பிறந்தது. அஞ்சலை வீட்டில் ஒரு வேளைக் கஞ்சியாகிவிட்டது. பெரியவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப் போகிறேன் என்றாள். என் கூச்சத்தையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு உப்பளத்துக்குப் போனேன். மேஸ்திரி என்னோடு ஒரே பாத்தியில் வேலை பார்த்து மேலே வந்தவர்தான்.

“என்னா பச்சையம்மா, பெரிய எடத்துல வேலைக்குப் போனவ இங்க எங்க?”

“அவளத் திரும்பச் சேத்துக்கப்பா. பொம்பளப் புள்ளைங்கள வச்சிருக்கா.”

“சேத்துக்கறதா? மொதலாளியப் பத்தி ஊர் ஊரா அச்சடிச்சிக் குடுத்திருக்கறா.”

“யாரோ ஏதோ சொன்னா நம்பிடுவியா?”

“யாரு சொல்லணும்? கண்ணால படிச்சேன்” என்று கொட்டகைக்குள் போய், தகரப் பெட்டியிலிருந்து ஒரு தாளை எடுத்துவந்தார். “இந்தா. நீதான் அஞ்சாவது படிச்சவளாச்சே, படி. ‘தோள்லதான் தூக்குவேன்.’ மரக்காணத்துல தோள்ல தூக்கறவ எத்தினி பேரு? நீயே சொல்லு.”

வாங்கினேன். பாதித் தாள். கையால் கிழித்த ஓரம். அப்பளம் மாதிரி விறைத்திருந்தது. மடிப்பில் வெள்ளையாகப் பூத்திருந்தது. நாக்கில் வைத்துப் பார்க்கத் தேவையில்லை, இருபது வருஷம் சுமந்தவளுக்குப் பார்த்தாலே தெரியும். அச்சு ஒரு எழுத்துகூடக் கரையவில்லை.

“இது எங்கப்பா கெடச்சிது?”

“எங்க கெடைக்கும்? பாத்தி வரப்புல ஒட்டிக்கினு இருந்துச்சி. கடக்காத்துல வந்திருக்கு. நானேதான் குனிஞ்சி எடுத்தேன்.”

எங்கள் பின்வேலியிலிருந்து அந்த வரப்பு கூப்பிடு தூரம்.

அங்கிருந்து எப்படி நடந்து வந்தேன் என்று தெரியாது. நேராக நிர்மலா மேடத்திடம் போனேன். உப்புத் தண்ணீர், பாதியாகக் கிழித்தது, வேலி, பூட்ஸ், பொய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் எழுந்து பின்பக்கம் போய்த் தொட்டியின் பக்கத்தில் நின்றார். நான்தான் ஏற்கனவே பார்த்துவிட்டேனே. ஆனாலும் நின்றுகொண்டே இருந்தார். பிறகுதான் எனக்குப் புரிந்தது, இந்தத் தடவை அவர் தன் தப்பைப் பார்க்கிறார். தண்ணீர் லாரி வராத நாளில் தாளை என்ன செய்வது என்று அவர் எனக்குச் சொல்லியே வைக்கவில்லை.

“கேட்டிருந்தா என் பாட்டில் தண்ணிய ஊத்தியிருப்பேனேம்மா” என்றார். அவ்வளவுதான்.

புரொபசர் மறுநாளே வந்தார். மூன்று பேருமாக அஞ்சலை வீட்டுக்குப் போனோம். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. பெயரையும் ஊரையும் மாற்றினேன், தோளை மாற்றாமல் விட்டேன், அது என் தப்பு என்றார். “நான் மொதலாளியைப் பாத்து, அது பூராவும் நானே கற்பனையா எழுதினதுன்னு எழுதிக் குடுத்துடறேன். வேலை திரும்பக் கெடைச்சிடும்” என்றார்.

நான் உடனே தலையாட்டினேன். அஞ்சலை ஆட்டவில்லை.

“பூட்ஸ கழட்டி வாங்கினது கற்பனையா சார்?”

“இல்லம்மா, வேலைக்காக…”

“வேல போனது போச்சு சார். நாளைக்கு அங்கயே போயி நிக்கறேன்னு வச்சிக்க, எல்லாரும் என்னா சொல்லுவாங்க? பொய் சொல்லி மாட்டிக்கினவன்னுவாங்க. நான் சொன்னது நெசம்ங்கற அந்த ஒண்ணுலதான் நான் இன்னும் தல நிமிந்து தண்ணிக்குப் போறேன். அதையும் எழுதி வாங்கிடாதீங்க.”

புரொபசர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே போனார். அந்தக் கேஸை அதற்குப் பிறகு அவர் எங்கள் ஹாலில் நடத்தவில்லை.

நான் நின்றேன். என்னால்தான் என்று சொன்னேன். உப்புத் தண்ணீரைச் சொன்னேன். திட்டுவாள், அடிக்கக்கூடச் செய்வாள் என்று நினைத்தேன்.

“நல்ல தண்ணிய மிச்சம் புடிச்சியாக்கா?” என்றாள். “போவுது போ, யாராவது குடிச்சிருப்பாங்க அத.”

பூட்ஸை அவளிடம் கொடுத்தேன். போட்டுப் பார்த்தாள். சரியாக இருந்தது. “உப்ப விட்டு மண்ணுல நடக்கற காலத்துல வருது பாரு” என்று சிரித்தாள். சிரித்தாளா என்று இப்போதும் எனக்குச் சந்தேகம். நிலையத்துச் சமையல்கட்டில் வேலைக்குச் சொல்கிறேன் என்றேன். “வாணாம்க்கா, அங்கயும் என்னத்தையாவது எழுதுவாங்க” என்றாள். சவுக்கு வெட்டப் போனாள். பெரியவளை நிறுத்தத்தான் செய்தாள். அடுத்த வருஷம், 2006இல், வேறு முதலாளி ஒருவர் சேர்த்துக்கொண்டார். அந்த ஒரு வருஷத்தை யாரும் அந்தப் பெண்ணுக்குத் திருப்பித் தரவில்லை.

பதினொன்றாம் நாற்காலிக்காரருக்கு நான் செய்த துரோகத்தைச் சொல்ல எனக்கு வழி கிடைக்கவில்லை. பெயர்கூடத் தெரியாது, மேடத்திடம் கேட்கவும் கூச்சம். இதைப் படித்தால் மன்னித்துக்கொள்ளட்டும்.

அதன் பிறகு எட்டு வருஷம் வேலை பார்த்தேன். ஒவ்வொரு தாளையும் எட்டாகக் கிழித்தேன். ஓய்வு பெறுகிற நாள் வரைக்கும் எல்லார் மேலும் சந்தேகம் போகவில்லை. ஆனால் அந்த வரிசையில் முதல் ஆளாக என்னை நிறுத்தக் கற்றுக்கொண்டேன்.

ஷகிலா, இதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் நீ ஒன்று செய்ய வேண்டும். எழுத்துப் பிழையை யாராவது திருத்திக்கொள்வார்கள், மாசமும் வருஷமும் தவறியிருந்தால் ஆபீசில் பார்த்துக்கொள்ளலாம். அதையெல்லாம் விட முக்கியம், அவள் யார் என்று இதைப் படிக்கிற ஒருவருக்காவது தெரிந்துவிடுமா என்று பார். பெயரை மாற்றியிருக்கிறேன். கழுத்து, தோள், பிள்ளைகள் எத்தனை, இதிலும் சிலதை மாற்றித்தான் எழுதினேன். எதை என்று உன்னிடமும் சொல்ல மாட்டேன். ஆனால் புரொபசரும் மாற்றினதாகத்தான் நினைத்தார். நம் உப்பளத்துப் பெண்கள் நாலு பேரை உட்காரவைத்து வாசித்துக் காட்டு. இது இன்னார் என்று ஒருத்தி வாயைத் திறந்தாலும் அந்த இடத்தை அடித்துவிடு. அடித்தால் கதை நிற்காது என்றால் முழுவதையும் எடுத்துவிடு. எடுத்த தாளை என்ன செய்யப் போகிறாய் என்பதை மட்டும் நீயே நேரில் வந்து என்னிடம் சொல்லிவிட்டுப் போ.